முதல் மிதியில் பிடிக்காத பிரேக்

சென்ற வாரம், எங்கள் துறையில் அண்மையில் சேர்ந்த ஆய்வு மாணவர் ஒருவர் உள்பெட்டியில் ஒரு வினாவை அனுப்பியிருந்தார். அவருடைய அண்ணன் குருகிராமில் பணியாற்றுகிறார். பல ஆண்டுச் சேமிப்பில், ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய இருகதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். வார நாட்களில் அலுவலகத்துக்கும் அதுதான். குளிர்காலத்தில் மூன்று நான்கு முறை கிரேட்டர் நொய்டாவிலுள்ள புத் பன்னாட்டுப் பந்தயத் தடத்துக்கும் அதுதான். “இரண்டுக்கும் பொருந்தும் ஒரே பிரேக் பேட் எது அண்ணா? உராய்வுக் குணகம் மிகுந்ததாகப் பார்த்துச் சொல்லுங்கள்” என்பது வினா.

உராய்வியலில் ஆய்வு செய்பவனிடம் இதைக் கேட்டால் விடை ஒரு வரியில் முடியாது. எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டதால் அனைவருக்குமாக இங்கே இடுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலைக்கும் தடத்துக்கும் ஒரே பேட் என்ற தேடல் பெரும்பாலோருக்குத் தவறான தேடல். எப்படியும் ஒரு பக்கம் குறை வைத்தே ஆகவேண்டும் என்றால், அந்தக் குறையைத் தடத்தின் பக்கம் வைக்க வேண்டும். நம் கார் ஆர்வலர்கள் அதைச் சாலையின் பக்கம் வைக்கிறார்கள். இதுவே என் வழக்கு.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஓட்டுநரோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள காரை எடுத்துக்கொள்வோம். நகரச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அது நின்றால், பிரேக்குகள் வெப்பமாக மாற்ற வேண்டிய இயக்க ஆற்றல் ஏறத்தாழ 0.2 மெகாஜூல். புத் தடத்தில் மூன்றாம் திருப்பத்துக்கும் நான்காம் திருப்பத்துக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நீளும் நேர்ப்பாதை இருக்கிறது. அதன் முடிவில் அதே கார் 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்கு இறங்கினால், வெளியேற வேண்டிய ஆற்றல் 1.9 மெகாஜூலுக்கு மேல். ஒரே மிதியில் ஒன்பது மடங்கு. அதில் எழுபது விழுக்காட்டை முன்சக்கரங்கள் ஏற்கின்றன என்றும், முன் டிஸ்க் ஒவ்வொன்றும் ஒன்பது கிலோ வார்ப்பிரும்பு என்றும் கொண்டால், அந்த ஒரு மிதிக்கே டிஸ்கின் சராசரி வெப்பநிலை 150 டிகிரி செல்சியஸ் உயரும். முழுதும் ஆறும் முன்பே அடுத்த திருப்பம் வந்துவிடும். சில சுற்றுகளில் டிஸ்க் 500 டிகிரியைத் தாண்டுவது இத்தகைய கார்களில் இயல்பு. அதே டிஸ்க் அலுவலகம் போகும் வழியில் பெரும்பாலும் 150 டிகிரிக்குள்ளேயே வாழ்கிறது.

ஆக, ‘பொருந்தும் பேட்’ என்று நாம் கேட்பது, ஜனவரி அதிகாலையின் ஐந்தாறு டிகிரியில் தொடங்கி அறுநூறு டிகிரி வரை ஒரே குணத்தோடு நடந்துகொள்ளும் ஒரு பொருளை. அப்படி ஒரு பொருள் விற்பனையில் இருப்பதாக எனக்குத் தெரியாது.

இங்கேதான் உராய்வுக் குணகம் என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. பள்ளியில் அதை ஒற்றை எண்ணாகக் கற்றோம்: பரப்பைச் சாராது, வேகத்தைச் சாராது, இரு பொருள்களின் பெயரைச் சொன்னால் அட்டவணையில் எடுத்துக்கொள்ளலாம் என்று. பிரேக் பேட் அந்த அட்டவணைக்குள் அடங்குவதில்லை. அது ஒரு பொருளே அன்று, ஒரு கலவை. ஃபீனாலிக் பிசின், எஃகு அல்லது அராமிட் இழை, கிராஃபைட், அலுமினா போன்ற தேய்ப்பான்கள், இடம் நிரப்பப் பேரைட்டு எனப் பத்து இருபது பொருள்கள் அதில் இருக்கின்றன. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து செய்யப்படும் தூள்கூட அவற்றுள் ஒன்று. இதைச் சொன்னால் வகுப்பில் எவரும் நம்புவதில்லை. ஆனால் உலகின் பெரும்பாலான சாலைப் பேட்களில் முந்திரிக்கு ஒரு பங்கு உண்டு. பேடுக்கும் டிஸ்குக்கும் இடையே இவையெல்லாம் அரைபட்டு மெல்லிய படலமாகப் படிகின்றன. உண்மையில் உராய்வது அந்தப் படலம்தான். அது இன்றைய வெப்பநிலையை மட்டுமல்லாமல், நேற்று அந்த பேட் என்ன பாடுபட்டது என்பதையும் பொறுத்தது.

பேடின் விளிம்பில் ‘எஃப்எஃப்’, ‘ஜிஜி’ என இரண்டு எழுத்துகள் அச்சாகியிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க எஸ்ஏஇ அமைப்பின் ஜே866 வகைப்பாடு அது. முதல் எழுத்து இயல்பு உராய்வையும், இரண்டாவது சூட்டில் உராய்வையும் குறிக்கும். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. பயனுள்ள தகவல்தான். ஆனால் அந்தச் சோதனையில் ‘இயல்பு’ எனப்படுவது ஏறத்தாழ 93 முதல் 204 டிகிரி வரையிலான அளவீடுகளின் சராசரி. ‘சூடு’ எனப்படுவது 343 டிகிரியோடு முடிந்துவிடுகிறது. பனிக்காலை பற்றியும் அந்த எழுத்துகள் பேசுவதில்லை, நேர்ப்பாதையின் முடிவு பற்றியும் பேசுவதில்லை. ஆனால் நமக்குத் தேவைப்படுபவை அவ்விரண்டும்தான். ‘ஜிஜி’ என்று பார்த்து வாங்கியவர் எந்தக் கேள்விக்கும் விடை பெறாமலேயே பணம் கொடுத்திருக்கிறார்.

சாலைப் பேடைத் தடத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பது பலரும் அறிந்த கதை. முந்நூறு, நானூறு டிகிரியில் பிசின் சிதையத் தொடங்குகிறது, வாயுக்கள் வெளியேறுகின்றன, பிடிப்பு தளர்கிறது. ‘ஃபேட்’ என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். பேட் விரைவாகத் தேய்கிறது. அதன் முகம் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடுகிறது. எல்லோரும் அஞ்சுவது இதற்குத்தான். அஞ்ச வேண்டியதும்தான். ஆனால் இந்தத் தளர்ச்சி சொல்லிக்கொண்டு வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் கருகல் வாடை. அடுத்த சுற்றில் அதே இடத்தில் கால் இன்னும் அழுத்த வேண்டியிருக்கிறது. அதற்கடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம். கவனமுள்ள ஓட்டுநர் இரண்டாம் அறிகுறியிலேயே வேகத்தைக் குறைத்து ஒரு சுற்றை ஆறவிட்டு ஓட்டுகிறார். கவனமற்றவருக்கும் திருப்பத்துக்கு வெளியே சரளைப் படுகை இருக்கிறது, தலையில் கவசம் இருக்கிறது, கொடியோடு நிற்கும் பணியாளர் இருக்கிறார்.

பந்தயப் பேட் குளிர்ந்த நிலையில் செய்வது வேறு. அதன் கலவை பல நூறு டிகிரிக்காக அமைக்கப்பட்டது. குளிரில் அது டிஸ்க்மீது படலத்தைப் படியவிடாமல் அரத்தைப்போல் அராவுகிறது, கீச்சிடுகிறது, பல கலவைகளில் பிடிப்பும் குறைகிறது. எடுத்துக்காட்டாக 0.40 என்ற குணகம் குளிரில் 0.25 ஆகிறது என்று கொள்வோம். காலின் அழுத்தம் மாறாதபோது பிரேக்கின் விசையும் அதே விகிதத்தில் குறையும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 0.8 ஜி அளவுக்குப் பிடித்து 18 மீட்டருக்குள் நின்றிருக்க வேண்டிய கார், 0.5 ஜி அளவுக்கே பிடித்து 28 மீட்டர் ஓடும். முதல் கார் நின்ற இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர். இந்தக் குறை எந்த அறிகுறியும் தராது. அது வெளிப்படுவதே முதல் மிதியில்தான். அந்த மிதி தேவைப்பட்ட கணத்தில்தான்.

இதைக் கணக்காக மட்டும் அறிந்திருந்தேன், ஒரு ஜனவரி வரை.

சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வக நண்பர் ஒருவரோடு அதே தடத்துக்குப் போனேன். அவர் ஓட்ட, நான் வேடிக்கை பார்க்க. காலையில் நேரம் கிடைக்காது என்று, முந்தைய இரவே குடியிருப்பின் அடித்தளத்தில் வைத்துப் பந்தயப் பேட்களைப் பொருத்திவிட்டார். உடனிருந்து டார்ச் பிடித்தவன் நான். ஆகவே குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. விடியுமுன் தெற்கு தில்லியிலிருந்து புறப்பட்டோம். விரைவுச்சாலையில் பிரேக்குக்கு வேலையே இல்லை. அதாவது நாற்பது கிலோமீட்டருக்கு மேல் அந்த டிஸ்குகள் பனிக்காற்றில் நன்றாகக் குளிர்ந்துகொண்டே வந்தன. விரைவுச்சாலையை விட்டு இறங்கிப் பக்கச் சாலையில் திரும்பிய சிறிது நேரத்தில், மூடுபனிக்குள்ளிருந்து ஒரு மிதிவண்டி குறுக்கே வந்தது. பின்னால் இருபுறமும் பால்கேன்கள்.

நண்பர் மிதித்தார். சுவரை மிதித்ததுபோல் பெடல் இறுகி நின்றது. கார் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஏபிஎஸ்ஸின் துடிப்பு காலுக்கு வரவே இல்லை என்று பின்னர் சொன்னார். சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்குப் பிடிப்பு இருந்தால்தானே ஏபிஎஸ்ஸுக்கு வேலை வரும்! ஸ்டியரிங்கை ஒடித்தார். பக்கக் கண்ணாடி ஒரு கேனில் இடித்தது. அந்த மனிதர் சாய்ந்து விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. பால் முழுதும் மண்ணில். எழுந்தவர் முதலில் மிதிவண்டியைத்தான் நிமிர்த்தினார். பிறகு எங்களைப் பார்த்து இந்தியில் ஒன்றே ஒன்று கேட்டார்: “பிரேக் இல்லையா?”

அந்தப் பனியில் அந்த வேகமே தவறு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் சாலைப் பேட் இருந்திருந்தால் அந்த வேகத்திலும் இடிக்காமல் நின்றிருப்போம் என்றே இன்றும் எண்ணுகிறேன். பாலுக்குரிய பணத்தைக் கொடுத்தோம். மருந்துக்கடை திறக்கும்வரை அவரோடு இருந்தோம். பிறகு தடத்தின் வாயிலில் நண்பர் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டார்: எனக்கு நேரும் எதற்கும் நானே பொறுப்பு என்று. அன்று முழுதும் அந்த பேட்கள் மிகச் சிறப்பாகப் பிடித்தன.

அந்தப் படிவத்தைப் பால்காரர் பார்த்ததில்லை. என் வழக்கின் மையம் அதுதான். தடத்தில் பேட் தளர்ந்தால் பாதிக்கப்படுபவர், ஆபத்தை அறிந்து, பணம் கட்டி உள்ளே வந்தவர். சாலையில் பேட் குளிர்ந்திருந்தால் பாதிக்கப்படுபவர் எதற்கும் உடன்படாதவர். பொறியியலாளர் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து, ‘சமரசப் புள்ளி’ என்று நடுவில் ஒரு கோடு கிழிக்கக் கூடாது.

மறுப்பு ஒன்று எழும், நேர்மையாக ஏற்கிறேன். சாலைக்கும் இலேசான தட ஓட்டத்துக்கும் எனக் கலவைகள் விற்கின்றன. ஃபெரோடோவின் டிஎஸ்2500 போன்றவற்றை நம் நாட்டு ஆர்வலர்களும் தருவித்துப் பயன்படுத்துகிறார்கள். எடை குறைந்த கார், பதினைந்து நிமிட ஓட்டங்கள், இடையிடையே ஆறவிடும் பொறுமை ஆகியவை இருந்தால் அத்தகைய பேட் போதும். வேறு எதுவும் வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் அதை வாங்கும்போதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பதன்று; குளிரில் முதல் மிதியில் எப்படிப் பிடிக்கும் என்பதே. ஐரோப்பாவின் ஆர்90 ஒழுங்குமுறை, மாற்று பேட்களின் செயல்திறன் மூலப் பேடிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்கிறது. சாலையில் ஓடும் பேடுக்கு அந்த முத்திரை இருப்பது நல்லது. முழுப் பந்தயப் பேட்களில் பொதுவாக அதைக் காண முடியாது. முன்சக்கரங்களுக்கு மட்டும் வீரியமிக்க பேடைப் போட்டுப் பின்சக்கரங்களைப் பழையபடி விடும் வழக்கமும் உண்டு. முன்பின் சமநிலை அதனால் குலைகிறது. ஏபிஎஸ்ஸும் நிலைப்புக் கட்டுப்பாடும் மூலப் பேடின் குணத்தை எண்ணிக் கணக்கிடப்பட்டவை என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இலேசான ஓட்டத்தோடு நிறுத்திக்கொள்ள மனமில்லாதவர்கள் இரண்டு செட் பேட் வைத்துக்கொள்ள வேண்டும். சாலைப் பேடில் தடத்துக்குப் போக வேண்டும். அங்கே மாற்ற வேண்டும். திரும்பும் முன் மீண்டும் மாற்ற வேண்டும். இதைச் சொன்னால் வரும் பெருமூச்சை நான் அறிவேன். மேலிருந்து ஊசிகளைக் கழற்றி எடுக்கும் நிலையான காலிப்பர் என்றால் பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. நழுவும் வகைக் காலிப்பர் என்றால் இன்னும் கொஞ்சம். மாலையில் கழற்றும் முன் ஆறுவதற்கும் காத்திருக்க வேண்டும். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்போது தொட்டியில் பிரேக் ஆயில் மேலேறும். வழிந்தால் வண்டியின் பெயின்ட் போய்விடும். எல்லாம் முடிந்து நகரும் முன் பெடலைப் பலமுறை மிதித்து பிஸ்டன்களை மீண்டும் பேடோடு சேர்க்க வேண்டும். மறந்தால் முதல் மிதி தரையைத் தொடும். ஆம், தொல்லைதான்.

உண்மையான தொல்லை வேறொன்று. ஒரு கலவை விட்டுச்சென்ற படலத்தின்மீது இன்னொரு கலவை இணக்கமாக வேலை செய்வதில்லை. புதுப் பேடை ‘பெட்’ செய்ய வேண்டும். அதாவது, 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறத்தாழ 20 வரை, முழுதும் நிற்காமல், எட்டுப் பத்து முறை தொடர்ந்து பிடித்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். சூட்டோடு நிறுத்திக் காலை அழுத்தி வைத்தால், பேடின் பொருள் ஒரே இடத்தில் திட்டாகப் படியும். அடுத்த நாள் ஸ்டியரிங் அதிரும். மெக்கானிக் ‘டிஸ்க் வளைஞ்சிருச்சு’ என்பார். பெரும்பாலும் டிஸ்க் வளைந்திருக்காது, படிவு சீரற்றிருக்கும். இரண்டு செட்டையும் ஒரே தயாரிப்பாளரின் இணக்கமான கலவைகளாக வாங்குவதும், இயன்றால் தடத்துக்கெனத் தனி டிஸ்குகளை வைத்துக்கொள்வதும் இதைக் குறைக்கும். பந்தயப் பேடின் ‘பெட்டிங்’ வேலையை யமுனா விரைவுச்சாலையில் செய்யும் பழக்கம் ஒன்று இருக்கிறது. பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு உங்கள் ஆய்வு நோக்கம் தெரியாது. தடத்தின் முதல் ஓட்டத்தை அதற்காக ஒதுக்குங்கள்.

பேடைப் பற்றி இவ்வளவு பேசுபவர்கள் பிரேக் ஆயிலை மறந்துவிடுகிறார்கள். ஆயில் என்று அழைத்தாலும் அது எண்ணெயன்று. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் கிளைக்கால் திரவம். டாட் 4 தரத்தின்படி புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சியபின் அது 155 வரை இறங்கலாம். ஒரு மழைக்காலத்தைக் கடந்த திரவத்தோடு தடத்துக்குப் போவது, எந்த பேட் போட்டிருந்தாலும் வீண். இரண்டு கோளாறுகளையும் கால் வேறுபடுத்தி அறியும்: பெடல் இறுகியிருந்து கார் நிற்காவிட்டால் பேட், பெடல் பஞ்சுபோல் உள்ளே போனால் திரவம் கொதித்திருக்கிறது. இதை அறியாமல் பெடல் அமுங்கியதற்காக விலையுயர்ந்த பேட் வாங்கியவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஃபார்முலா பாரத், சுப்ரா போன்ற மாணவர் போட்டிகளுக்குக் கார் கட்டும் நண்பர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வடிவமைப்பு அறிக்கைகளில் ‘அதிக உராய்வுக் குணகம் கொண்டதால் இந்த பேடைத் தேர்ந்தோம்’ என்ற வரியைப் பலமுறை படித்திருக்கிறேன். உங்கள் கார் 300 கிலோவுக்கும் குறைவானது, ஓட்டம் குறுகியது, பல வேளைகளில் டிஸ்க் சூடேறுவதே இல்லை. நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பூட்டிக்கொள்ள வேண்டிய பிரேக் சோதனையில் ஓர் அணி திணறினால், அழுத்தக் கணக்கைத் தூக்கிப் பார்க்கும் முன் பேடின் வெப்பநிலையையும் அது ‘பெட்’ ஆகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அறிக்கையில் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, வெப்பநிலையோடு குணகம் மாறும் வரைகோட்டைப் போடுங்கள். தயாரிப்பாளர் தராவிட்டால் கேளுங்கள்; தராதவரிடம் வாங்காதீர்கள்.

இனி, வினா அனுப்பிய தம்பிக்கு. அண்ணனின் காருக்கு எந்த பேட் என்று இப்போது சொல்ல மாட்டேன். அவருடைய டிஸ்க் எத்தனை டிகிரியைத் தொடுகிறது என்பது அவருக்கே தெரியாதபோது நான் எதைச் சொல்வது? ஓட்டம் முடிந்து நிறுத்தியபின் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டிப் படிக்கும் எண்ணை நம்ப வேண்டாம். உச்சம் அதற்குள் கடந்திருக்கும். டிஸ்கின் வெளிவிளிம்பில் பூசும் வெப்பக் குறிப்பான் பெயின்ட் கிடைக்கிறது. பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560 டிகிரியிலும், சிவப்பு 610 டிகிரியிலும் நிறம் மாறும். மூன்றையும் கோடுகளாகப் பூசி, புதிய பிரேக் ஆயிலோடும் இப்போதுள்ள சாலைப் பேடோடும், ஒவ்வோர் ஓட்டத்திலும் நான்கு சுற்றுகளுக்கு மேல் போகாமல், ஒரு நாள் ஓட்டிவரச் சொல்லுங்கள். எந்தெந்தக் கோடு மாறியது என்று ஒரு படம் அனுப்புங்கள். பச்சைகூட மாறவில்லை என்றால் நல்ல சாலைப் பேடே போதும், செலவு மிச்சம். ஆரஞ்சு மாறியிருந்தால், இரண்டு செட் பேடும் ஒரு கருவிப்பையும் வாங்கச் சொல்லுங்கள். முதல்முறை கழற்றி மாட்டும்போது டார்ச் பிடிக்க நான் வருகிறேன். தடத்தில், அடித்தளத்தில் அன்று.